ஆறாம் அத்தியாயத்தில் ஒரு விமானம்

எங்கள் கீழ் வீட்டுக்காரரை நாங்கள் டைம்கீப்பர் என்றுதான் சொல்வோம். பேருந்து நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதியவர். அவர் விசில் அடித்தால்தான் வண்டி நகரும். டீ குடிக்கப் போன ஓட்டுநர் நான்கு நிமிடம் தாமதமாக வந்தால் அதையும் எழுதிவிடுவார். "நாலு நிமிஷம்தானே சார், விடுங்களேன்" என்று கெஞ்சினால், "நாலு நிமிஷத்துல ஒருத்தன் ரயில விட்டுடுவான்ய்யா" என்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு எழுத எதுவும் இல்லாமல் போனது. சில நாள் செய்தித்தாள் வந்து விழும் நேரத்தை நாட்காட்டியில் குறித்துப் பார்த்தார். பேப்பர் போடுகிறவர் முகத்துக்கு நேரே, "இதென்ன சார் அட்டெண்டன்ஸா?" என்று கேட்டதும் அதையும் விட்டுவிட்டார்.

அவர் மனைவி அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சடித்த தாளோடு ஒப்பிடுவது அங்கே முறை. உரக்கப் படிப்பது இந்த அம்மாவின் வேலை. அதனால் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்து தரும் நூலகம் ஒன்றுக்குப் படிக்கப் போனபோது, முதல் நாளே சேர்த்துக்கொண்டார்கள். பழக்க தோஷத்தில் முதல் பதிவில் 'கமா', 'முற்றுப்புள்ளி', 'புதுப் பத்தி' எல்லாவற்றையும் சேர்த்தே படித்து வைத்தாராம். நூலகத்தில் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

பதிவு செய்வது வீட்டுப் படுக்கையறையில். ஜன்னலுக்கு மெத்தையை நிமிர்த்தி வைத்து, கதவின் மேல் போர்வையைப் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்போனில் ஒரு சின்ன மைக்கைச் செருகி வைத்துக்கொண்டு படிப்பார். வேர்வையில் நனைந்துதான் வெளியே வருவார். ஒருநாள் மாடிப்படி ஏறி என்னிடம் வந்தார்.

"தம்பி, பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் மட்டும் நாற்காலிய இழுக்காதீங்க. தூக்கி வைங்க."

நாற்காலியை நான் தூக்கி வைத்தேன். விமானத்தை யார் தூக்கி வைப்பது? ஓடுபாதையை நீட்டிய பிறகு விமானங்கள் எங்கள் தெருவுக்கு நேர் மேலே இறங்கத் தொடங்கியிருந்தன. மணிக்கு ஆறு, ஏழு. அப்போது அவர் கையில் இருந்தது இயன்முறை மருத்துவப் பாடநூல். எலும்பும் மூட்டும் தசையுமாக நானூறு பக்கம். மூன்று மாதத்தில் தேர்வு. முதல் இரண்டு அத்தியாயங்களும் 'பின்னணியில் இரைச்சல்' என்ற குறிப்போடு திரும்பி வந்தன. மறுபடி படித்தார். தோள்பட்டைப் பாடத்தின் நடுவே இன்னொரு விமானம் போனது.

"எனக்கு ஒத்துவராதுங்க. புத்தகத்தத் திருப்பிக் கொடுத்துடறேன். அமைதியான தெருவுல இருக்கறவங்க யாராவது படிக்கட்டும்" என்று கணவரிடம் சொன்னார். அந்த அம்மாவுக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. அன்று சாப்பிடும்போது அவர் கண் கலங்கியதை டைம்கீப்பர் கவனித்திருக்கிறார். என்ன செய்வதென்று மட்டும் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவர்கள் மகள் வந்தாள். கதையைக் கேட்டுவிட்டு, வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஊரின் வரைபடம். அதன் மேல் மஞ்சள் மஞ்சளாக என்னவோ ஊர்ந்தன.

"என்னம்மா இது, ஈ மொய்க்கிற மாதிரி?"

"ஈ இல்லப்பா, அத்தனையும் ஏரோப்ளேன். இதோ, இதுதான் நம்ம வீடு. இந்த ப்ளேன் இப்ப நம்ம தலைக்கு மேல வரும் பாருங்க."

சொல்லி ஒரு நிமிடத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டைம்கீப்பர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் ஒரு மஞ்சள் புள்ளியை மவுஸால் அழுத்தியதும், எங்கே கிளம்பியது, எத்தனை மணிக்கு இறங்க வேண்டும், எவ்வளவு உயரத்தில் வருகிறது, எல்லாம் வந்தது.

"வண்டி நம்பர் கூடப் போட்டிருக்கானே!" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "இது பதினோரு நிமிஷம் லேட்டு. யார் இதையெல்லாம் கேக்கறது?" என்றார்.

மகள் ஊருக்குக் கிளம்பும்போது அப்பா நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நாலே நாளில் ஒரு கணக்கைப் பிடித்துவிட்டார். வரைபடத்தில் விமானம் ஏரியின் கரையைத் தாண்டினால், அங்கிருந்து ஒரு நிமிடம் பத்து வினாடியில் எங்கள் தெருவுக்கு வரும். அடுத்தது எப்போது என்பதையும் திரையே காட்டிவிடும். இடையில் கிடைக்கிற எட்டு நிமிடம், பத்து நிமிடத்தில் அம்மா படிக்கலாம்.

முதல் நாள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, விமானம் ஏரியைத் தாண்டியதும், "வருது!" என்று ஒரு குரல் கொடுத்தார். உள்ளே அம்மா பதறிப் புத்தகத்தைக் கீழே போட்டார்.

"ஏங்க, ஏரோப்ளேன் பரவாயில்ல போலிருக்கே! உங்க சத்தம்தான் பெருசா விழுந்திருக்கு."

அடுத்த நாள் கடைக்குப் போய் ஒரு சிவப்பு பல்பும் ஒயரும் வாங்கி வந்தார். கதவுக்கு அடியில் ஒயரை விட்டு, பல்பை மனைவியின் மேசையில் வைத்து, சுவிட்சைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் பொருத்தினார். பல்பு எரிந்தால் வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்த வேண்டும். அணைந்தால் தொடரலாம். நடுவில் கிடைத்த நேரத்தில் அம்மா தண்ணீர் குடிப்பார், வேர்வையைத் துடைத்துக்கொள்வார். ஒரு வாரத்தில் மூன்று அத்தியாயம் முடிந்தது. டைம்கீப்பர் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டுதான் திரைக்கு முன் உட்காருகிறார் என்று அந்த அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் தலைகீழானது. பல்பு எரியவில்லை, வீடு மட்டும் நடுங்கியது. ஐந்து நிமிடத்தில் இன்னொரு முறை. அம்மா போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

"காத்து திரும்பிடுச்சு. இறங்கறவன் எல்லாம் அந்தப் பக்கமா இறங்கறான். இந்தப் பக்கம் இப்ப கிளம்பறான்."

"யாரக் கேட்டு?"

டைம்கீப்பர் நோட்டை மூடி வைத்தார். அன்று முழுதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு என் மொட்டைமாடியில் நின்றார்.

"உங்க துண்டு எந்தப் பக்கமா ஆடுது?"

எனக்குப் புரியவில்லை. கொடியில் காய்ந்த என் துண்டைப் பார்த்துக் காற்றின் திசையைத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு இறங்குகிற கணக்கா, கிளம்புகிற கணக்கா என்று முடிவு செய்ய வந்திருக்கிறார். அதிலிருந்து காயப்போட எதுவும் இல்லாவிட்டாலும் நான் தினமும் கொடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். எப்போதாவது ஒரு ஹெலிகாப்டர் வரைபடத்தில் காட்டாமலேயே வந்துவிட்டுப் போகும். டிக்கெட் எடுக்காமல் ஏறிய பயணியைப் பார்ப்பதுபோல அதை ஜன்னல் வழியாக முறைப்பார்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது புத்தகம் முடிந்தது. இந்த முறை எதுவும் திரும்பி வரவில்லை.

நாலு மாதம் கழித்து, நூலகத்தில் எண் வாங்கிக்கொண்டு ஒரு பெண் போன் செய்து, பார்க்க வரலாமா என்று கேட்டாள். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தாள். அதிலேயே டைம்கீப்பருக்கு அவளைப் பிடித்துவிட்டது. நானும் அப்போது கீழேதான் இருந்தேன். அந்தப் பதிவைக் கேட்டுப் படித்துத் தேர்வில் தேறிவிட்டாள்; ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"உங்க குரல் எனக்கு மனப்பாடம்மா. ஆறாவது அத்தியாயம், முழங்கால் முடியற எடத்துல லேசா ஒரு ப்ளேன் போகுமே, அதுகூட."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ! பல்பு எரிஞ்சுதும்மா. அந்த வாக்கியம் முடியவே மாட்டேன்னுது. ஓட்டமா முடிச்சேன். விழலன்னு நெனச்சுட்டேன்."

"விழுந்ததே நல்லது. நாப்பது பக்கம் எலும்பும் தசைநாருமா கேட்டுட்டு வந்தா, அங்கதான் கொஞ்சம் மூச்சு விடுவோம். ஹாஸ்டல்ல அந்த எடம் வந்தா எல்லாரும் மேல பாத்து டாட்டா காட்டுவோம். அது எங்க போகுதுன்னுதான் சண்டை."

டைம்கீப்பர் எழுந்து உள்ளே போனார். இரண்டு நோட்டுகளோடு வந்தார். அம்மா எந்த நாள், எத்தனை மணிக்கு எதைப் படித்தார் என்பது ஒன்றில், அவருடைய கணக்கு மற்றதில். விரல் வைத்துத் தேடினார்.

"பதினொன்னு பதினேழு. இறங்கற வண்டி. இருநூத்தி எண்பது பேர் உக்காரலாம். பனி பெய்யற ஊர்ல கிளம்பி ஒம்பது மணி நேரம் பறந்திருக்கு. மூணு நிமிஷம் முன்னாடியே வந்துட்டான்."

முன்னாடியே வந்தது என்பதை அவர் சொன்ன விதத்தில் ஒரு பாராட்டுப் பத்திரமே இருந்தது.

"அப்ப நான்தான் ஜெயிச்சேன்!" என்று அந்தப் பெண் கை தட்டினாள். "வர்ற ப்ளேன்னு நான் மட்டும்தான் சொன்னேன்."

"அதெப்படிம்மா தெரிஞ்சுது?"

"கிளம்பற ப்ளேன் உறுமும் சார். இறங்கறது நீளமா ஊதிட்டு வரும்."

டைம்கீப்பர் என்னைப் பார்த்தார். மூன்று மாதம் திரையும் துண்டுமாக அவர் பட்ட பாட்டை இந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

"சார், கழுத்த ஏன் திருப்பி வெச்சிருக்கீங்க? உங்க பேச்சு சுவத்துப் பக்கமாப் போய் வருது" என்றாள் அவள்.

"ப்ளேன அண்ணாந்து அண்ணாந்து பாத்து வந்த வலிம்மா. சொன்னாக் கேக்கறாரா?" என்றார் அம்மா.

அவள் எழுந்து அவர் பின்னால் போய் நின்று, கழுத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினாள். அவர் "ஆ" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் வாய் தானாகவே தொடங்கியது: "கழுத்தின் பக்கவாட்டுத் தசைகள் இறுகும்போது தலையை மெதுவாக எதிர்ப்புறம் சாய்த்து..."

"பத்து எண்ணும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும்" என்று அவள் முடித்தாள். முடித்துவிட்டு, அவர் தலையை எதிர்ப்புறம் சாய்த்தாள். அவளும் அம்மாவும் சேர்ந்து பத்து எண்ணினார்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மேலே ஒன்று போனது. எந்த வண்டி என்று எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் மாதம் ஒருமுறை வந்துபோகிறாள். கழுத்து வலி பத்து நாளிலேயே சரியாகிவிட்டது, ஆனாலும் வருகிறாள். அம்மா இப்போது படிப்பது கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய பாடநூல். பதிவு செய்ததையெல்லாம் டைம்கீப்பர் சாயங்காலம் போட்டுக் கேட்கிறார் போலிருக்கிறது. நேற்று மாடிக்கு வந்தார்.

"ஒரு வகைத் திமிங்கிலம் ஒன்றரை மணி நேரம் மூச்சப் பிடிச்சுக்கிட்டு உள்ளேயே இருக்குமாம், தெரியுமா?"

"அப்படியா சார்?"

"ஆமா. ஆனா எத்தன மணிக்கு மேல வரும்னு புத்தகத்துல எழுதவேயில்ல" என்றார், குறைபட்டுக்கொண்டு.