ராஜகோபுரத்தின் ஏழாம் நிலையும் அணைக்கப்பட்ட மைக்கும்

ஸ்ரீரங்கத்தில் ஞாயிறுதோறும் ‘ஏழு மதில் நடை’ நடத்தும் வழிகாட்டி பொய் சொன்னார். முப்பது பேர் முன்னால், மைக்கில் சொன்னார். தெரியாமல் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். தெரிந்தே சொன்னார். எப்படி என்பதை, கிளம்பியதிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

காலை 5.40. மன்னார்புரத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பினோம். கூட வந்தவர் என் சம்பந்தி, மகனுடைய மாமனார். கடலூர்க்காரர். முப்பது வருடம் சரக்குக் கப்பலில் இன்ஜின் பார்த்தவர். ஸ்ரீரங்கம் வந்ததே இல்லை. கல்யாணம் பேசப் போன அன்றே அவரிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தேன். சொத்து இல்லை, படிப்பு இல்லை, ஆனால் ராஜகோபுரம் எழும்பியபோது அதில் நான் கொத்தனார். பெருமைப்பட என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

மத்தியப் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ். ஆளுக்குப் பதினைந்து ரூபாய். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

“விடியறதுக்குள்ள ஐந்நூறா? என்னைய பேங்க்னு நெனச்சீங்களா?” என்றார் கண்டக்டர். சம்பந்தி சில்லறை கொடுத்தார்.

6.20. காவிரிப் பாலம். ஒன்பது கிலோமீட்டர்தான், ஆனால் பாலம் ஏறினால் தீவுக்குள் போகிறோம் என்று அர்த்தம். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் மதில் கட்டிய ஊர். சம்பந்தி அதைக் கேட்டதும் ரோட்ஸ் என்ற தீவைப் பற்றி ஆரம்பித்தார். மத்தியதரைக்கடலில் இருக்கிறதாம். கப்பல் பழுதாகி நாலு நாள் அங்கே நின்றதாம்.

“அங்கயும் இதே மாதிரி மதிலுக்குள்ள ஊருங்க. துருக்கிக்காரன் ஆண்டப்ப, கிரேக்கக்காரன் பகல்ல உள்ள வந்து பொழப்பப் பாக்கலாம். பொழுது சாஞ்சா மதிலுக்கு வெளிய போயிடணும்.”

“நாங்களும் அப்படித்தான். பகல் பூரா கோபுரத்து மேல. ஆறு மணி பஸ்ல ஜீயபுரம், அப்ப எங்க வீடு அங்க” என்றேன். சிரித்தார். அப்போது நம்பினார்.

7.00. ராஜகோபுரம். ஆளுக்கு முந்நூற்றைம்பது ரூபாய், தண்ணீர் பாட்டிலும் ஒரு மடிப்புத்தாளும் உட்பட. வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, இடுப்பில் ஸ்பீக்கர், காதோரம் மைக். கோபுரத்தின் அடிக்கு எங்களை அழைத்துப் போகவில்லை. சாலைக்கு இந்தப் பக்கமே நிறுத்தினார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தால் அடியில் கருங்கல் எங்கே முடிகிறது, மேலே வேறு வேலை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுள்ள எவனுக்கும் தெரியும்.

“எழுநூறு வருஷமா இந்தப் பதிமூணு நிலையும் அப்படியே நிக்குது. அன்னைக்கு ராஜாக்கள் கட்டினது. சிமெண்ட் கிடையாது, கம்பி கிடையாது” என்றார். எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

கை தூக்கினேன். “கேள்வியெல்லாம் கடைசில ஐயா” என்றார்.

உண்மை இதுதான். ராஜாக்கள் காலத்தில் அடிப்பகுதியோடு வேலை நின்றுபோனது. திருச்சிக்காரர்கள் அதை மொட்டைக் கோபுரம் என்றுதான் சொல்வோம். அதன் மேல் நிலைகளை எழுப்பிக் குடமுழுக்கு நடந்தது எண்பத்தேழில். எனக்கு அப்போது இருபதைத் தாண்டிய வயது. நான் சிற்பி இல்லை. ஒரு பொம்மையையும் தொட்டதில்லை. ஏழாம் நிலையில், மேற்குப் பக்கம் செங்கல் வைத்துப் பூசினேன். சவுக்குக் கழியில் கட்டிய சாரம். ஆடிக் காற்றில் சாந்து கரண்டியிலிருந்து பறந்து முகத்தில் அடிக்கும். மதியம் தூக்குச்சட்டிகளைக் கயிற்றில் கட்டி மேலே இழுப்போம். இறங்கி ஏறினால் கால் போய்விடும் என்று யாரும் இறங்க மாட்டோம்.

8.15. கிழக்குப் பக்கம், வெள்ளைக் கோபுரம் தாண்டி. மதிலில் சாய்ந்து நிற்கும் வீடுகள், மாட்டுக்கொட்டகை, பைக்குகள். பிரெஞ்சுப் படை இந்தத் தீவுக்குள் முகாம் போட்டு, கோயில் மதிலையே கோட்டையாக வைத்துக்கொண்டு இங்கிலீஷ்காரனோடு சண்டை போட்டது என்றார் வழிகாட்டி. இதுவும் பொய் என்று சம்பந்தியின் காதில் சொன்னேன்.

8.40. உத்திர வீதியில் காபிக்கு நின்றோம். டம்ளர் இருபது ரூபாய். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெண்மணி, ஓய்வுபெற்ற வரலாற்று டீச்சர் என்று தெரிந்ததும் கேட்டேன்.

“பிரெஞ்சுக்காரா இங்க இருந்தது வாஸ்தவம்தான். நன்னா விசாரிச்சுண்டு பேசணும் நீங்க” என்றார்.

அதில் வழிகாட்டி சொன்னது சரி; என் சந்தேகம் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாளிடம் கோபுரத்தைப் பற்றிக் கேட்பதற்குள் அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சம்பந்தி என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது.

9.30. நடை முடிந்து மறுபடி கோபுரத்துக்கு எதிரே. கடைசி வந்துவிட்டதே என்று வழிகாட்டியிடம் போனேன். “தம்பி, அது எண்பத்தேழுல முடிஞ்ச கோபுரம். நான் வேலை பாத்தவன்” என்றேன்.

இடுப்பில் கை வைத்தார். ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கு அணைந்தது. என் தோளில் கைபோட்டு, மெதுவாகச் சொன்னார்:

“தெரியும்ங்க. ஆனா எழுநூறு வருஷம்னாதான் சனம் அண்ணாந்து பாக்கும். கொத்தனார் கட்டினதுன்னா எவன் காசு குடுத்து வருவான்?”

மறுபடி விளக்கு எரிந்தது. மைக்கில், எல்லோருக்கும் கேட்க, “ஐயாவுக்கு வயசாச்சு, வேற ஏதோ கோபுரத்தோட குழப்பிக்கிறார். ஒரு கைதட்டு குடுங்க அவருக்கு!” என்றார். தட்டினார்கள். வழிகாட்டி ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

சம்பந்தி பத்தடி தள்ளி நின்றார். அவர் கேட்டது மைக்கில் வந்ததை மட்டும்தான்.

10.05. திரும்பும் பஸ். வழிகாட்டி என் காதில் சொன்னதைச் சொன்னேன். சம்பந்தி மடிப்புத்தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதிலும் எழுநூறு வருஷம் என்றுதான் இருந்தது. எழுதியவர் பெயரே இல்லை. ஆனாலும் அச்சடித்த தாள்.

“ரோட்ஸ்ல பெரிய அரண்மனை ஒண்ணு. பழசுன்னு நெனச்சுப் பாத்துட்டிருந்தோம். வெடிமருந்து வெடிச்சு இடிஞ்சு போச்சு, அப்புறம் இத்தாலிக்காரன் வந்து கட்டினதுன்னு கூட்டிட்டுப் போனவனே சொல்லிட்டான். அதனால எவனும் திரும்பிப் போயிடல.” பஸ் பாலத்தில் ஏறியது. “நீங்க கட்டினதா இருந்தா இங்கயும் சொல்லியிருப்பானேங்க, சம்பந்தி?”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“அப்படிச் சொல்லல. விடுங்க. பேரப்புள்ளைங்ககிட்ட மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

அந்த ‘விடுங்க’தான் பாலம் முழுக்க என்னோடு வந்தது. கடல் தாண்டி ஒரு தீவில், இடிந்ததையும் திரும்பக் கட்டியதையும் வந்தவனிடம் சொல்கிறார்கள். இங்கே, கட்டியவன் உயிரோடு எதிரே நிற்கும்போதே மைக்கை அணைக்கிறார்கள்.

சம்பந்தி இன்னும் எட்டு நாள் என் வீட்டில்தான் இருப்பார். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவரோடு அதே இடத்தில் நிற்பேன். நடைக்கான பணமும் கொடுப்பேன். வழிகாட்டி அவர்களே, அணைத்த மைக்கில் என் காதுக்குள் சொன்னதை, விளக்கு எரியும் மைக்கில், எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதிமூன்று நிலைகளை எழுப்பியது யார்?