பத்தாவது அடி

ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. இரண்டு டிவி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஓடும்போது கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. ஜெயித்தவன் உட்கார்ந்தே இருப்பான், தோற்றவன் எழுந்துகொள்ள வேண்டும். அதுதான் கடையின் சட்டம். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் என் அளவுக்கு எழுந்தவன் யாரும் இருக்க மாட்டான்.

உப்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மழை பொய்த்து, கூலி வேலையும் கிடைக்காமல், இருபது வயதில் விசைப்படகு வேலைக்கு வந்தவன் நான். வாரத்தில் மூன்று நாள்தான் படகு கடலுக்குப் போகும். மற்ற நாட்களில் கேம் கடையே கதி. என்னை எழுப்பிவிட்டுக்கொண்டே இருந்தவன் என் படகிலேயே வேலை பார்த்த தங்கச்சிமடத்துக்காரன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். நல்லவன்தான், ஆனால் ஜெயித்துவிட்டால் வாய் சும்மா இருக்காது.

"ஏலே, போயி வயக்காட்டுல களை புடுங்குலே" என்பான். கடையே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் ஆடிய சண்டை கேமில், இடைவிடாமல் அடுத்தடுத்து விழும் பதினான்கு அடிக் காம்போ ஒன்று அவன் கையில் இருந்தது. முதல் அடி பட்டுவிட்டால் போதும், நம் ஆள் அந்தரத்திலேயே தொங்குவான். பதினான்காவது அடிக்குப் பிறகுதான் தரைக்கு வருவான், அதுவும் பிணமாக. சதுரம், சதுரம், முக்கோணம் என்று பொத்தான் வரிசையை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் எனக்கு எப்போதும் ஒன்பதோடு அறுந்துபோகும். பத்தாவது அடிக்கு முன்னால் அரை மூச்சு பொறுக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் எதிராளி நழுவிவிடுவான். எட்டு மாதம் முயன்றும் அந்த அரை மூச்சு வசப்படவில்லை. வெட்கத்தை விட்டு அவனிடமே கேட்டேன்.

"அது கைக்குத் தெரியணும்லே. சொன்னாப் புரியாது" என்றான்.

சரி, கைக்குத் தெரியட்டும் என்று பார்த்த இடமெல்லாம் பழக ஆரம்பித்தேன். டீக்கடையில், சர்ச்சுக்கு வெளியே அவனுக்காகக் காத்து நிற்கையில், கடைசியில் படகிலும். கட்டைவிரல் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும்.

படகில் வலையைத் தூக்கும்போது இன்ஜின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. எல்லாம் கைச்சாடைதான். பின்பக்கம் கயிற்றைப் பார்த்து நிற்பவன் கையை உயர்த்தினால், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சை டிரைவர் நிறுத்துவார். கை உயராதவரை வின்ச் சுற்றும். அங்கே நிற்பது என் வேலை. வின்ச் உருளையில் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒதுக்கிவிடுவது அவன் வேலை.

அன்று மத்தியானம், முதல் இழுப்பு. ஏழு, எட்டு, ஒன்பது என்று விரல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அரை மூச்சு முதன்முறையாகச் சரியாக விழுந்தது. திரை இல்லாமலே எனக்கு அது தெரிந்தது. எட்டு மாதத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. விடாமல் பதினான்குவரை போனேன். நிமிர்ந்தபோது கயிறு தாறுமாறாக ஏறி, அவன் கையையும் சேர்த்து உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது. கையை உயர்த்தினேன். வின்ச் நின்றது.

வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. வெயிலில் கண் கூசியது, கயிறு தெரியவில்லை என்று டிரைவரிடம் சொன்னேன். கடலில் நடக்காததா என்று எல்லோரும் நம்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளைய உசுரோட கொண்டாந்து சேத்தியேய்யா" என்று அழுதாள். நான் அந்தக் கையை அவளிடமே விட்டுவிட்டு நின்றேன். எவ்வளவு கேவலமானவன் நான்.

நாலு மாதம் கழித்து அவன் கடைக்கு வந்தான். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கைத் தொடைமேல் வைத்து, மீதி மூன்று விரலால் பொத்தான்களைத் தேடினான். யாரும் சிரிக்கவில்லை. நான் வேண்டுமென்றே அடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

"பிச்சை போடாதலே. அந்தப் பதினாலையும் அடி."

"எனக்கு அது வராது மாப்ள."

"வரும். அடி."

அடித்தேன். ஒன்பது. அரை மூச்சு. பத்து. பதினான்கும் விழுந்தன. அவன் ஆள் தரையில் கிடந்தான். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"இதத்தான அன்னைக்குத் தொடையில தட்டிக்கிட்டு நின்ன? கயிறு கையில மாட்டுனதுமே நான் ஒன்னையத்தாம்லே பாத்தேன், எப்பக் கையத் தூக்குவன்னு."

கடையின் சட்டப்படி அவன் எழுந்துகொண்டான். அடுத்தவன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "ஆரம்பிக்கலாமாண்ணே?" என்று கேட்டான்.