வானதியின் வலது கால்

வள்ளியம்மைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று கோட்டூர்ப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. குவைத்தில் இருக்கும் புருஷனிடம் மட்டும் சொல்லுவாள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் அது பொய்க் கணக்கில் சேராது. மாடு செத்துப்போனால் விற்றுவிட்டோம் என்பார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவரைக் கல்யாணத்துக்குப் போயிருப்பதாகச் சொல்வார்கள். அங்கே தனியாகக் கிடப்பவன் கேட்டுவிட்டு என்ன செய்யப்போகிறான்?

தை மாதம் மகள் வானதி வாய்க்கால் மதகிலிருந்து விழுந்து வலது கணுக்கால் உடைந்தபோதும் அப்படித்தான். "லேசாப் பிசகிருச்சு, எண்ணெய் போட்டு நீவிட்டோம்" என்று மதிவாணனுக்குச் சொல்லப்பட்டது. மாவுக்கட்டோடு பிள்ளை படுத்திருந்தது அவனுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்றது மாமனார் வைத்தியலிங்கம். "கேட்டா டிக்கெட்டைப் போட்டுக்கிட்டு வந்து நிப்பான். வேலை போயிரும்."

கட்டுப் பிரித்து வானதி நடந்தாள், ஓடினாள். ஓடும்போது மட்டும் வலது கால் ஒரு துளி பின்தங்கும். வள்ளியம்மையின் கண்ணுக்கு மட்டும் அது தெரியும். "நடக்கட்டும், விளையாடட்டும். ஓங்கிக் குதிக்காம மட்டும் பாத்துக்குங்க" என்று டாக்டர் சொன்னதில் அந்தக் கடைசி வார்த்தைதான் அவளுக்கு மனதில் நின்றது.

வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு. மதியத்துக்கு மேல் பக்கீர் முகம்மதுவின் எஸ்.டி.டி. பூத்துக்கு மதிவாணன் போன் போடுவான். புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் குரலில் புது உற்சாகம்.

"ரூம்ல ஒருத்தர் மகள் டான்ஸ் ஆடுன கேசட்டு வந்துச்சு. எல்லாரும் உக்காந்து பாத்தோம். நம்ம பாப்பாவ விஜயதசமிக்குச் சேத்துவிடு. பொங்கலுக்கு அதே மாதிரி ஒண்ணு அனுப்பு."

ரிசீவரில் காதை ஒட்டி நின்ற வானதி துள்ளினாள். வள்ளியம்மையின் கண் தரைக்குப் போயிற்று. "சேத்துடறேங்க" என்றாள். வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பான்.

மறுநாளே வைத்தியலிங்கம் மன்னார்குடிக்குப் போய்விட்டு வந்தார். "முடிஞ்சுது. டான்ஸ் சொல்லித்தர்ற மலர்க்கொடி டீச்சர்கிட்ட வெத்தல பாக்கு வச்சுப் பேசிட்டேன். பொங்கலுக்கு மேடை ஏத்திருவாங்களாம். வீடியோ கேசட்டும் அவங்களே எடுத்துத் தர்றாங்க."

நடவுக்கு ஆள் பேசுகிற மாதிரியே பேசி முடித்துவிட்டார். அவருக்குத் தெரிந்த முறை அதுதான்.

வள்ளியம்மை தனியாகப் போய்ப் பார்த்தாள். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம், சிமெண்டுத் தரை. வரிசை வரிசையாகப் பிள்ளைகள். "சத்தம் வரணும் கண்ணுங்களா, கடைசி நாற்காலிக்குக் கேக்கணும்" என்றார் டீச்சர். நல்ல முகம், ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். ஆனால் அத்தனை கால்களும் ஓங்கி இறங்கியபோது வள்ளியம்மை தன் சொந்தக் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளாத குறை. சுவரோரம் ஒரு பெண் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

வேறு இடம் உண்டா என்று பக்கீர் முகம்மதுவிடம் கேட்டாள். "மன்னார்குடியில எங்க தங்கச்சி வீட்டுத் தெருவுல ஞானாம்பாள்னு ஒரு அம்மா இருக்காங்க" என்றார் அவர். "லேசுல மேடை ஏத்த மாட்டாங்களாம். அதான் அங்க கூட்டமே இல்ல."

அது ஒரு பழைய வீட்டு மாடி, பலகைத் தரை. ஞானாம்பாள் வானதியை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னார்.

"வலது கால்ல என்ன?"

"ஒண்ணுமில்லீங்க." பழக்கத்தில் வந்துவிட்டது.

"பிள்ளையோட அப்பா எங்க?"

"குவைத்துங்க."

"அவருக்குச் சொல்ற பதிலை எனக்குச் சொல்லாதீங்க."

வள்ளியம்மை மதகிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். ஞானாம்பாள் கணுக்காலைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

"சேத்துக்கறேன். டாக்டர்கிட்ட இன்னொரு தடவ காட்டிட்டு வாங்க. இப்போதைக்கு முட்டிய அகட்டி அரைமண்டியில உக்காரத்தான் கத்துக்குடுப்பேன். தட்டுறது எப்பன்னு அந்தக் கால் சொல்லட்டும். மேடை, கேசட்டுன்னு கேக்கக் கூடாது." நிறுத்தி, "வேற யாருகிட்டயும் வெத்தல வைக்கலையே?" என்றார்.

"மாமா வச்சுட்டாங்க."

"அப்ப அவங்ககிட்டச் சொல்லிட்டு வாங்க. ஒரே ஊர்ல இருக்கோம்."

வைத்தியலிங்கம் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டார். "வச்ச வெத்தலைய மாத்துனா நாளைக்கு நம்ம வயலுக்கு எவ நட வருவா? ஊரு சிரிக்கும்."

"நாத்து போனா வேற நாத்து வாங்கி நடலாம் மாமா. இவளுக்கு அந்தக் கால்தான்."

அவர் துணைக்கு வரவில்லை.

வள்ளியம்மை மட்டும் பஸ் ஏறினாள். வழியெல்லாம் ஆரம்ப வார்த்தையைத் தேடினாள். மலர்க்கொடி டீச்சர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வெத்தலைய அன்னிக்கே போட்டுத் துப்பியாச்சும்மா. எதத் திருப்பித் தர்றது?" ஆனால் காலைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "உடைஞ்ச கால்னு அந்தப் பெரியவர் சொல்லவே இல்லையே. எல்லாரோடயும் சேத்துத்தானே ஓங்கித் தட்ட விட்டிருப்பேன்." அவள் தோளைத் தொட்டு, "போய் அங்கயே சேருங்க" என்றார். வள்ளியம்மை படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரிடம் காட்டிவிட்டு வானதியை ஞானாம்பாளிடம் சேர்த்தாள். விஜயதசமி கழிந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. "கேசட்டு பொங்கலுக்கு வந்துருமா?" என்றான் மதிவாணன்.

"வராது." ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள். "தை மாசம் அவளுக்குப் பிசகலங்க. உடைஞ்சிருந்துச்சு."

லைன் அறுந்துவிட்டதோ என்று பக்கீர் முகம்மதுவைப் பார்த்தாள். அவர் மீட்டரைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத்தன மாசம்" என்றான் அவன். பிறகு, "அவகிட்டக் குடு."

வானதி போனை வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, கால் வலிக்குதா? ஒரு தட்டுத் தட்டு, அப்பா கேக்குறேன்."

"டீச்சர் தட்டச் சொல்லலப்பா. உக்காரத்தான் சொல்லியிருக்காங்க. இந்தா, உக்காருறேன்." காதில் ரிசீவரோடு, பூத்தின் குறுகலான கண்ணாடிக்குள் முழங்காலை அகட்டி அரைமண்டியில் இறங்கினாள்.

ரிசீவருக்குள்ளிருந்து மதிவாணன் குரல் கேட்டது. "சத்தத்தையே காணோமே. வள்ளி, என்ன பண்ணுறா?"

வள்ளியம்மை வலது கணுக்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். லேசாக ஒரு நடுக்கம், பிறகு நின்றது.

"உக்காந்திருக்கா" என்றாள் ரிசீவரை நோக்கிக் குனிந்து. "முதல்ல கொஞ்சம் ஆடுச்சு. இப்ப ஆடல."