சீனித்தாயின் இரண்டு வேண்டுதல்

சீனித்தாய்க்குச் சாமிமேல் கோபம் கிடையாது. கும்பிடுகிற ஆட்களைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

பிறந்தது ஏரல் பக்கத்து வயக்காட்டு ஊர். மழை வேண்டும் என்று முத்தாரம்மன் கோயிலில் குலவை போட்டு வளர்ந்தவள். வேம்பாரில் உப்பளக்காரனுக்கு வாக்கப்பட்டு வந்த முதல் புரட்டாசியிலேயே, மழை பெய்யக் கூடாது என்று வேண்ட மாமியார் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் முத்தாரம்மன்தான். பாவம், அவளும் எந்தப் பக்கம்தான் காது கொடுப்பாள்? குலவைக்கு வாயைத் திறந்த சீனித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு மழை விஷயமாக அவள் யாரிடமும் விண்ணப்பம் போட்டதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று மட்டும் பார்ப்பாள்.

புருஷன் இறந்தபின் அவளும் கொழுந்தன் மாசானமும் சேர்ந்து நாலு பாத்தி குத்தகைக்கு எடுத்தார்கள். இந்த வருஷம் எட்டு மாதம் கால் வெந்து வாரிய உப்பு, கரையில் இரண்டு அம்பாரமாக நின்றது. ஒன்று மிஞ்சினாலும் குத்தகை தப்பிக்கும். இரண்டும் போனால் பழையபடி அடுத்தவன் அளத்தில் கூலிதான். லாரி வர இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் கொண்டல் காற்று திரும்பி, கீழ்வானம் கறுத்துவிட்டது.

அம்பாரத்தை மூட ஓலைக்கட்டோடு வந்தவளை மாசானம் மறித்தான். குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டிருந்தான்.

"மதினி, மூடாதிய. அம்மன்கிட்டச் சொல்லியாச்சுல்லா. மூடுனா நம்பலன்னு ஆயிரும்."

"அப்பம் கோயிலுக்கு எதுக்குலே கான்கிரீட் போட்டிருக்கிய? அவ நனையக் கூடாதுன்னுதான?"

 மாசானம் ஒரு அம்பாரத்தின்மேல் ஓலை பட விடாமல் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு நின்றான். இந்த மடையனோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்று அவள் மற்றதை ஒற்றை ஆளாக மூடி முடித்தாள்.

மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. வெறித்ததும் ஓடிவந்து பார்த்தார்கள். சூடம் காட்டிய அம்பாரம் முழங்கால் உயரச் சேறாகக் கிடந்தது. ஓலை போட்டது அப்படியே இருந்தது. மாசானம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கண்ணில் தண்ணீர்.

"பாத்தியளா மதினி! ஒண்ணையாவது அம்மன் காப்பாத்திட்டா!"

சீனித்தாய் வாயைத் திறப்பதற்குள் கோயிலுக்கு ஓடி, இரண்டு குடம் மஞ்சள் தண்ணீரோடு வந்தான். ஓலையை விலக்கினான். நன்றிக்கடனாக முதல் குடத்தை உச்சியில் கவிழ்த்தான். உப்பில் முழங்கை ஆழத்துக்குக் குழி விழுந்தது.

இரண்டாவது குடத்தைச் சீனித்தாய் பிடுங்கி, அவன் தலையில் மொத்தமாக ஊற்றினாள்.

"நீ வாங்கிக்கலே. நீதான் கரைய மாட்ட."