உறைந்த ஏரியின் படம்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள். எதிர் இருக்கையில் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்து மீன்காரம்மா, காலிக் கூடையோடு உட்கார்ந்திருக்கிறார். கனடாவில் நான் ஒரு வருஷம் படித்த சின்ன நகரத்தின் படக்கார்டை அவரிடமும் பெருமையாக நீட்டுகிறேன். அந்த ஊரில் பார்ப்பதற்கென்று இருப்பது ஓர் ஏரிதான்.

“இன்னா நைனா, ஏரி மேல ஆளுங்க நிக்கறாங்க?”

“குளிர்ல தண்ணி கல்லு மாதிரி உறைஞ்சிடும்மா. ஓட்டை போட்டு மீன் பிடிப்பாங்க. நானே அக்கரைக்கு நடந்து போயிருக்கேன்.”

அவர் படத்தில் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு மெதுவாக விரலை நகர்த்துகிறார். கார்டைத் திருப்பித் தரவில்லை.

“புயலடிச்ச அன்னிக்கு நம்ம ஏரியும் இப்படிக் கெட்டியா இருந்திருந்தா, எங்க ஊட்டுக்காரரு நடந்தே ஊடு வந்து சேர்ந்திருப்பாரு நைனா.”