ஐந்தாவது மாப்பிள்ளை

நடுத்தெருவில் கழுதை நின்றால் டோர்கஸ் லைட்போர்ன் ஹாரன் அடிப்பதில்லை. டாக்சியை நிறுத்தி இறங்கி, அதன் காதருகே போய்த் திட்டுவார். "நில்லுடி, நில்லு. நாளைக்கே கனடாவோட சேந்துட்டோம்னா உன்கிட்ட லைசன்ஸ் கேப்பான். அப்ப முழிப்பே."

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிராண்ட் டர்க்கில் அவர் வண்டி ஓட்ட ஆரம்பித்து முப்பது வருடம் ஆகிறது. தீவைக் கனடாவோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சு அதற்கும் முன்பிருந்தே வருகிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது கிளப்புவார்கள், நாலு மாதம் தீவே அல்லோலகல்லோலப்படும், பிறகு கடல்நத்தைக் கறி விலையைப் பேசப் போய்விடுவார்கள். டோர்கஸ் மட்டும் விடுவதில்லை.

"பெர்முடாகாரன் ஆண்டான், பகாமாஸ்காரன் ஆண்டான், ஜமைக்காகாரன் ஆண்டான், இப்ப லண்டன்காரன். நாலு வீடு பாத்த பொண்ணு நாம. அஞ்சாவது மாப்பிள்ளைக்கு என்ன வெக்கம்?"

பக்கத்து டாக்சிக்காரர் கிளியோபாஸுக்கு இது போதும். "மாப்பிள்ளை பனியில கெடந்தவன், மிஸ் டோர்கஸ். கட்டிப் பிடிச்சா ஜன்னி கண்டுடும்."

"ஒனக்கேன்யா கவலை? ஒன்னைக் கட்டிப் பிடிக்க நாலு நாட்லயும் ஆள் இல்லியே!"

விமான நிலைய வாசலே சிரிக்கும். டோர்கஸும் சிரிப்பார். தனக்கு ஏன் இந்தச் சம்பந்தம் இத்தனை அவசரம் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் அல்ஃபியஸ் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பகாமாஸின் தலைநகர் நஸாவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விமானம் வேண்டும் என்றார்கள். விமானம் வந்தது, செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமையே அவர் போய்விட்டிருந்தார்.

போன மார்ச்சில் கனடாவிலிருந்து ஒரு சட்டசபைக்காரர் வந்தார். இரண்டே நாள் வெயிலில் வேகவைத்த இறால் மாதிரி சிவந்திருந்தார். மூன்றாம் நாள் ஹோட்டல் வாசலில் கிளியோபாஸை முழங்கையால் ஒதுக்கிவிட்டு டோர்கஸ்தான் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

"எங்க ஊர்ல எல்லாம் இருக்கு மேடம், வெயில்தான் இல்ல. உங்ககிட்ட அது கொட்டிக் கெடக்கு. சேந்துட்டா ரெண்டு பேருக்கும் லாபம்."

"வெயில் எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இங்க ஒருத்தனுக்கு நெஞ்சு வலிச்சா, உங்க பிளேன் எத்தன மணிக்கு வரும்?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் கமிட்டி பாத்துக்கும், மேடம். முதல்ல அந்தப் பெரிய பீச்சக் காட்டுங்க. ஃபோட்டோ எடுக்கணும்."

டோர்கஸ் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கழுதையைப் பார்த்து ஹாரன் அடித்தார். கடற்கரைக்குத் திரும்பும் முனை வந்தது, போனது. உப்பளத்தை ஒட்டிய சின்ன வைத்தியசாலையின் முன் வண்டி நின்றது. வராந்தா பெஞ்சு நிறைய ஆட்கள், உள்ளே ஒரே டாக்டர்.

"இங்க எதுக்கு? எனக்கு ஒண்ணுமில்லியே?"

"எறங்குங்க தம்பி."

சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குள் கையை விட்டு டோர்கஸ் ஒரு வரிசைச் சீட்டு வாங்கினார். நாற்பத்தொன்று; உள்ளே அப்போதுதான் ஏழாம் நம்பர். அதைச் சட்டசபைக்காரரின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களை நெருக்கித் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டார்.