ஐம்பத்திரண்டாம் வருடத்துப் புத்தகம்

அப்பா பாகூர் கொம்யூன் ஆபீசில் பியூன். பிரெஞ்சுக்காரர்கள் போய்ப் பல வருடங்களாகியும் அந்த ஆபீசை ஊரார் பழைய பிரெஞ்சுப் பெயரால் ‘மேரி’ என்றுதான் சொன்னார்கள். உள்ளே ஓர் இருட்டறையில் சுற்றுப்பட்டு ஊர்களின் பிறப்புப் பதிவேடுகள் வருடவாரியாக அடுக்கியிருக்கும். கேட்ட வருடத்தை எடுத்துக் கொடுப்பது அப்பாவின் வேலை.

ஒரு கோடை விடுமுறையில் அலமாரியைத் துப்புரவு செய்தபோது, நாலைந்து புத்தகங்களின் முதுகில் இருந்த வருடச் சீட்டுகளைப் பூச்சி தின்றிருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அப்பா என்னைப் புதுச் சீட்டு எழுத வைத்தார். முதல் பக்கத்தில் வருடம் பிரெஞ்சில், எண்ணாக அல்லாமல் எழுத்தாக இருந்தது. “தெரியலன்னா கிளார்க்க கேட்டுக்கலாம்” என்றார். பள்ளியில் பிரெஞ்சு எண்களைப் பத்து வரைக்கும்தான் நான் படித்திருந்தேன். “எல்லாம் தெரியும்பா” என்றேன்.

‘தெ’ என்றால் இரண்டு. அப்படி முடிகிற புத்தகங்கள் இரண்டு இருந்தன. அடுக்கில் விடுபட்ட வருடங்களைப் பார்த்தால் ஒன்று நாற்பத்திரண்டு, மற்றது ஐம்பத்திரண்டு; எது எதுவென்றுதான் தெரியவில்லை. அட்டை அதிகம் கிழிந்திருந்ததே பழையது என்று நானாக முடிவுகட்டிச் சீட்டை ஒட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். குருவிநத்தத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். புருஷனை இழந்தவர், கழனி வேலை செய்பவர். மகனைப் போலீசு ஆளெடுப்புக்கு அனுப்ப வயதுச் சான்று வேண்டும். கிளார்க் ஐம்பத்திரண்டாம் வருடத்தைக் கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்தார். கிளார்க் கடைசிப் பக்கங்களில் இருந்த பெயர் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு மூடினார்.

“பதியவே இல்லியேம்மா.”

“இல்லீங்கய்யா, மேரில எழுதிட்டுதான் வந்தேன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரே.”

“சாராயக் கடைக்குப் போயிட்டு உங்கிட்ட பொய் சொல்லிக்கிறாரு. நீயும் நம்பிக்கினு கீற.”

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பக்கத்துப் புத்தகத்தைப் பாருங்கள் என்று சொன்னால் போதும். ஆனால் தெரியும் என்று நான் அடித்த பெருமை பொய்யென்று வெளியாகிவிடுமே. காலிச் சோற்றுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுமாதம் வேறொருவர் நாற்பத்திரண்டாம் வருடத்தைக் கேட்டபோது குட்டு உடைந்தது. எல்லார் எதிரிலும் அப்பாவை நிற்கவைத்துத் திட்டினார்களாம். சீட்டில் இருந்தது என் கையெழுத்து என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, “வா, போயிட்டு வரலாம்” என்று மட்டும் சொல்லிச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டார்.

நாங்கள் குருவிநத்தம் போனபோது போலீசு ஆளெடுப்பு முடிந்து, அந்த அம்மாவின் மகன் கரும்பு வெட்டப் போயிருந்தான். அப்பா சரியான புத்தகத்திலிருந்து எழுதி வாங்கிவந்த சான்றை நீட்டினார். “தப்பு எங்க மேலதாம்மா. புத்தகம் மாறிப்போச்சி.” நான் சொல்ல வாயெடுத்துவிட்டு, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அந்த அம்மா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்க வூட்டுக்காரரு பேரு இதுல கீதா?”

அப்பா விரலை வைத்துக் காட்டினார்.

“அப்ப அவரு மெய்யாலுமே வந்துதான் எழுதிக்கிறாரு” என்று சொல்லி, அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

மகனுக்கு வேலை போய்விட்டதே என்றுதான் அழுகிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டு, நான் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தேன்.